மாணவர்களிடம் ஆங்கில மரபுத்தொடர் பேசும்போது சறுக்கும் இடங்கள்

முதலில் நான் செய்த தவறையே சொல்லிவிடுகிறேன். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்த ஒரு மாணவி, எதில் சேர்வது என்று தெரியாமல் என்னிடம் வந்தாள். முக்கால் மணி நேரம் பேசினோம், கட்டணம், பாடத்திட்டம், விடுதி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம், அவள் எழுந்திருக்கும்போது "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்று சொல்லி அனுப்பினேன். முடிவு உன் கையில் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவள் காதில் விழுந்ததோ "இனி என்னிடம் வராதே" என்று. சார் கைகழுவிவிட்டார் என்று தோழியிடம் அழுதிருக்கிறாள். பணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை வரை என் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் மரபுத்தொடர் ஒன்றைச் சொன்னால் அதன் பின்னாலேயே நேரான வாக்கியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: "வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய், நடுவில் குழப்பம் வந்தால் வியாழக்கிழமை என்னை வந்து பார்." பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் மனதில் நிற்கும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். நமக்கு மெழுகுவர்த்தி என்றாலே தன்னை உருக்கி அடுத்தவருக்கு வெளிச்சம் தருவது, அதனால் "பர்னிங் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்" என்று பார்த்ததும் கடும் உழைப்புக்கான பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது எச்சரிக்கை. விடியற்காலையில் எழுந்து, நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று பொருள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அதைப் படித்தால், இந்தப் பையன் படிப்பை முடிப்பதற்குள் படுத்துவிடுவானோ என்றுதான் யோசிப்பார். பாராட்ட "கோஸ் தி எக்ஸ்ட்ரா மைல்" இருக்கிறது, கேட்டதற்கு மேலேயே செய்வான் என்று. ஆனால் என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம், அப்படி அவன் செய்த ஒரு வேலையை இரண்டு வரியில் எழுதுங்கள், அதன் எடையே தனி.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்லும்போதும் இதே வம்பு. சேர்ந்து புராஜெக்ட் செய்தவன் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம், அதைப் பேராசிரியரிடம் "ஹி புல்டு மை லெக்" என்று முறையிட்டால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் அது விளையாட்டுக்குக் கிண்டல் செய்வது. "ஹி லெட் மீ டவுன்" என்று சொல்லிக்கொடுங்கள்.

"கட் கார்னர்ஸ்" என்பதை நேரத்தை மிச்சப்படுத்துவது என்று நினைத்து மாணவர்களுக்கு அறிவுரையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஒப்பேற்றுவது. "ஐ வில் புல் சம் ஸ்ட்ரிங்ஸ்" இன்னும் மோசம், முயற்சி செய்கிறேன் என்று நினைத்துச் சொல்வீர்கள், மறைமுகமாகச் செல்வாக்கைப் பயன்படுத்தி வாங்கித்தருகிறேன் என்று போய்ச் சேரும். மின்னஞ்சலில் இதை எழுதவே எழுதாதீர்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு பேசுகிறவர்கள் "டேபிள்" என்ற சொல்லிலும் கவனமாக இருக்க வேண்டும். "லெட்ஸ் டேபிள் இட்" என்றால் பிரிட்டனில் இப்போதே பேச எடுப்போம், அமெரிக்காவில் இப்போதைக்குத் தள்ளிவைப்போம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லை வைத்து நீண்ட வாக்குவாதம் செய்ததையும், கடைசியில் இரு தரப்பும் கேட்டது ஒரே விஷயம்தான் என்று தெரிந்ததையும் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரு மாணவனின் விண்ணப்பம் இப்படித் தேங்கிவிடக் கூடாது இல்லையா.

அப்புறம், "நோ பிரெய்னர்", "நாட் ராக்கெட் சயின்ஸ்" இரண்டையும் ஆலோசனை அறைக்குள் கொண்டுவராதீர்கள். அர்த்தத்தில் தவறில்லை, சுலபமான விஷயம் என்றுதான் பொருள். ஆனால் அந்தச் சுலபமான விஷயம் புரியாமல்தானே நாலு நாள் தூங்காமல், நோட்டில் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு அந்தப் பிள்ளை உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.