பல் முரசில் இரத்தம் வருகிறதா? பிரஷ் முதல் வோட்டர் ஃபுளோசர் வரை தெரிவு செய்யும் முறை

அம்மா கிணற்றடியில் பல் தீட்டி வாய் கொப்பளித்த தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியதை ஒரு நாள் காலையில் தற்செயலாகத்தான் கண்டேன். கேட்டபோது, "அது கனகாலமா வாறதுதான் பிள்ளை. வயசு போனா முரசு கரையும்தானே" என்றார். அடுத்த கிழமையே பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சின்னக் கண்ணாடியை வைத்து, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை எனக்கும் காட்டினார். பல்லும் முரசும் சேரும் இடத்தில் மஞ்சளாக, மேடாக, கரை கட்டியதுபோல காரை. விளிம்பெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. "இது வயதால் வந்ததில்லை, அழுக்கால் வந்தது" என்றார்.

துப்புரவு செய்து முடித்ததும், இனி ஒவ்வொரு நாளும் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். எதால் செய்வது என்ற கேள்வி அங்கேதான் தொடங்கியது. அம்மாவுக்காக நான் தேடிப் படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றபடி எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முரசு என்று சொல்வதைத் தமிழகத்தில் ஈறு என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

சாப்பிட்ட பிறகு பல்லில் நாக்கை வைத்துத் தடவினால் பிசுபிசுப்பாக இருக்கும். அது கிருமிகள் சேர்ந்து கட்டும் படலம். அகற்றாமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள கனிமங்கள் அதில் படிந்து, ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகியதுதான் காரை. படலத்தை பிரஷால் எடுக்கலாம். காரையை வீட்டில் எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது, பல் இடுக்குக்குள் தண்ணீரைப் பீச்சும் வோட்டர் ஃபுளோசர் எத்தனை விலையானதாக இருந்தாலும் அதாலும் முடியாது.

வீக்கமும் இரத்தமும் மட்டும் இருக்கும் கட்டத்தில் முரசு முழுமையாகப் பழைய நிலைக்கு வரும். அதையும் தாண்டி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கினால், கரைந்த எலும்பு தானாக மீளாது. அதனால்தான் இரத்தம் வந்த உடனேயே கவனிக்கச் சொல்கிறேன். புகைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், முரசு பழுதாகியிருந்தாலும் அவர்களுக்கு இரத்தம் அதிகம் வராது. இரத்தம் வரவில்லையே என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

படி 1: கருவி வாங்குமுன் காரையை எடுப்பியுங்கள்

அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் இதை இலவசமாகச் செய்யலாம், காத்திருக்கத்தான் வேண்டும். தனியார் இடத்தில் செய்வதானாலும் புதுக் கருவி வாங்கும் காசில் முதல் பங்கை இதற்கே ஒதுக்குங்கள். காரையை வைத்துக்கொண்டு தண்ணீர் பீச்சுவது, பாசி பிடித்த தொட்டியைக் கழுவாமல் புதுத் தண்ணீர் விடுவதைப் போன்றது.

நீரிழிவு இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சீனி கூடினால் முரசு நோய் கடுமையாகும், முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும், செயற்கை இதய வால்வு வைத்தவர்களும் வோட்டர் ஃபுளோசர் பாவிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

படி 2: பிரஷ்

மென்மையான நார், சின்னத் தலை. இவ்வளவும் போதும். நாரை முரசு விளிம்பை நோக்கி 45 பாகை சரித்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக, மொத்தம் 2 நிமிடம். 3 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நார் விரிந்தால் அதற்கு முதலே. கையில் நடுக்கமோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கு பட்டரி பிரஷ் நல்லது. பற்பசையில் ஃபுளோரைட் 1,350 முதல் 1,500 பி.பி.எம். (ppm, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

உமிக்கரியும் செங்கல் தூளும் வேண்டாம். அம்மம்மா உமிக்கரியால்தான் தீட்டினார், பல் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொரசொரப்பு பல்லின் மேற்பரப்பையும் கழுத்தையும் தேய்த்துவிடும், பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

படி 3: பல்லிடைப் பிரஷ், இங்கேதான் அதிக கவனம் வேண்டும்

பல்லுக்கு ஐந்து பக்கங்கள். எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் பிரஷின் நார் பக்கத்துப் பல்லோடு ஒட்டிய இரண்டு பக்கங்களுக்குள் சரியாகப் போகாது. முரசு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அந்த இடுக்கில்தான். அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது பல்லிடைப் பிரஷ். போத்தல் கழுவும் பிரஷை ஈர்க்கு அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். வோட்டர் ஃபுளோசர் வாங்க வேண்டும் என்று வந்தவர்களுக்கும், இடுக்கு இருந்தால் இதையே முதலில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விலையும் குறைவு, மின்சாரமும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், பிரஷோடு ஃபுளோஸ் நூலையோ (பல் இடுக்கில் விட்டு இழுக்கும் மெல்லிய நூல்) பல்லிடைப் பிரஷையோ சேர்த்துப் பாவித்தால் முரசு வீக்கம் மேலும் குறையக்கூடும், நூலைவிடப் பல்லிடைப் பிரஷ் சற்று மேலாக இருக்கக்கூடும் என்று சொன்னது. சான்றுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்பதையும் அதே தொகுப்பு சொல்லியிருக்கிறது.

பலர் இதைக் கைவிடுவது அளவு பிழைப்பதால்தான். அளவு பார்க்கும் விதம் இது:

1. பல அளவுகள் கலந்த ஒரு பெட்டி வாங்குங்கள். 0.4 மில்லிமீற்றரில் தொடங்கி 1.5 மில்லிமீற்றர் வரை உண்டு.
2. கண்ணாடி முன் நின்று, ஆகச் சிறியதை எடுத்து முன்பல் இடுக்கில் நேராக நுழையுங்கள். தள்ள வேண்டாம். போகாவிட்டால் அந்த இடத்துக்கு ஃபுளோஸ் நூல்தான்.
3. கம்பி பல்லில் உரசாமல், நார் மட்டும் இரு பக்கமும் மெல்லப் பிடித்துக்கொண்டு போனால் அது சரியான அளவு. எதிலும் படாமல் சும்மா போய் வந்தால் அடுத்த அளவைப் பாருங்கள்.
4. கடைவாய்க்கு வேறு அளவு வேண்டியிருக்கும். அநேகமாக எல்லோருக்கும் இரண்டு அளவுகளாவது தேவைப்படும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றின் சிவப்பு அல்ல. மில்லிமீற்றர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு மூன்று தடவை போய் வந்தால் போதும். பற்பசை வேண்டாம். முதல் கிழமை இரத்தம் வரும். அம்மா அதைக் கண்டு மூன்றாம் நாளே நிறுத்தப் பார்த்தார். நிறுத்தக் கூடாது. வீங்கிய முரசுதான் இரத்தம் விடும், அழுக்குப் போகப் போக அது குறையும். இரண்டு கிழமைக்குப் பிறகும் குறையாவிட்டால் டொக்டரிடம் போங்கள்.

நூல் பாவிப்பவர்கள் 45 சென்றிமீற்றர் அளவு வெட்டி, நடுவிரல்களில் சுற்றி, பல்லை அணைத்தாற்போல வளைத்து மேலும் கீழும் இழுக்க வேண்டும். முரசுக்குள் சடாரென்று இறக்கினால் வெட்டிவிடும்.

ஈர்க்கும் ஊக்கும் வேண்டவே வேண்டாம். சாப்பிட்டு எழும்பிய கையோடு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்துப் பல் குத்துவது எங்கள் வீட்டிலும் இருந்த பழக்கம்தான். அது முரசைக் கிழித்து இடுக்கை இன்னும் பெரிதாக்கும்.

படி 4: வோட்டர் ஃபுளோசர் உங்களுக்குத் தேவையா?

1962 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பல் மருத்துவரும் ஒரு நீரியல் பொறியியலாளரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். தண்ணீர் குழாயில் வருவதுபோல ஒரே ஓட்டமாக வராமல் துடித்துத் துடித்து வரும், பல இயந்திரங்களில் நிமிடத்துக்கு 1,200 தடவைக்கு மேல். அந்தத் துடிப்புத்தான் முரசு விளிம்புக்குக் கீழே உள்ளதைக் கிளறி வெளியேற்றுகிறது. முரசு வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் இது குறைக்கும். ஆனால் இறுகப் பற்றியிருக்கும் படலத்தைத் தேய்த்து எடுப்பதற்கு நார்தான் வேண்டும். ஆகவே பிரஷுக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள், அதற்குத் துணையாக வாங்குங்கள்.

பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பொருத்தும் செயற்கைப் பல்) அல்லது இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தவர்கள், நூலைப் பிடிக்க விரல் வளையாத வயதானவர்கள், இவர்களுக்கு இது பெரிய உதவி. பற்கள் நெருக்கமாக, முரசு ஆரோக்கியமாக இருக்கும் இளவயதினர் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

படி 5: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் வோல்ட். கனடாவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது மேசையில் வைக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுவந்தார். செருகும் பின்னின் வடிவம் வேறு மாதிரி இருந்ததால் ஒரு அடப்டர் போட்டுச் செருகினோம். ஒரு சத்தம், பிறகு கருகிய மணம், தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் 120 வோல்ட் என்று பொறித்திருந்தது. இலங்கை மின்சாரம் 230 வோல்ட். அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டை மாற்றாது. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவுகள் "என்ன கொண்டுவர?" என்று கேட்டால், யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஆகும் கைக்கருவியைச் சொல்லுங்கள். அதைப் போன் சார்ஜரிலேயே போடலாம். லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவை வோல்ட் அளவில் எங்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது தண்ணீர்த் தாங்கி. மேசை இயந்திரத்தில் 600 மில்லிலீற்றர் அளவு பிடிக்கும், ஒரே மூச்சில் முழு வாயையும் முடிக்கலாம். கைக்கருவியில் 200 முதல் 300 வரைதான், நடுவில் ஒரு தடவை நிரப்ப வேண்டிவரும். இரண்டிலும், தாங்கியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் தேய்க்க முடியுமா என்று கடையிலேயே பாருங்கள். முடியாவிட்டால் சில மாதங்களில் உள்ளே வழுவழுப்பாகப் பாசி பிடிக்கும்.

அழுத்தம் குறைந்தது மூன்று நிலைகளிலாவது இருக்க வேண்டும். ஆக மெதுவான நிலை உண்மையிலேயே மெதுவாக இருப்பதுதான் முக்கியம், கூடியது எவ்வளவு என்பது அல்ல. கைக்கருவியில் ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். மாற்று முனைகள் தனியாக வாங்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முனை கிடைக்காத இயந்திரம் சில மாதத்தில் அலுமாரிக்குப் போய்விடும்.

படி 6: முதல் தடவை

பிறகு வாங்கிய கைக்கருவியை அம்மா முதல் நாள் வாயில் வைக்குமுன்னே ஸ்விட்சைப் போட்டார். கண்ணாடி, சுவர், சட்டை எல்லாம் தண்ணீர். வரிசை இதுதான்:

1. இளஞ்சூடான தண்ணீர் நிரப்புங்கள். விடிகாலைக் கிணற்றுத் தண்ணீர் கூசும்.
2. அழுத்தத்தை ஆகக் குறைவில் வையுங்கள்.
3. பேசினுக்கு மேலே நன்றாகக் குனிந்து, முனையை வாய்க்குள் வைத்து, உதட்டை லேசாக மூடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச்.
4. தண்ணீரை விழுங்கவும் வேண்டாம், தேக்கவும் வேண்டாம். தானாக வழிந்து பேசினில் விழட்டும்.
5. கடைவாய்ப் பல்லில் தொடங்கி, முனையைப் பல்லுக்குச் செங்குத்தாக முரசு விளிம்பில் பிடித்து மெல்ல நகருங்கள். ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கணம் நில்லுங்கள். வெளிப்பக்கம் முடித்து உட்பக்கம்.
6. ஸ்விட்சை நிறுத்திவிட்டு முனையை வெளியே எடுங்கள். தாங்கியில் மிஞ்சியதை ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

நாளுக்கு ஒரு தடவை, இரவில் பல் தீட்டுமுன் செய்தால் போதும். ஒரு கிழமை பழகிய பிறகு அழுத்தத்தை ஒரு நிலை கூட்டலாம். வலித்தால் குறையுங்கள்.

படி 7: யாழ்ப்பாணத்துத் தண்ணீரும் இயந்திரமும்

இதை எந்த இயந்திரத்தின் கையேட்டிலும் எங்களுக்கென்று எழுதியிருக்கமாட்டார்கள். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் காலடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவது அதனால்தான். அதே பொருக்கு வோட்டர் ஃபுளோசரின் ஊசித் துளைக்குள்ளும் கட்டும். எங்கள் கைக்கருவியில் தண்ணீர் நேராக வராமல் ஒரு பக்கம் சரிந்து வரத் தொடங்கியது. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது துளையைச் சுற்றி வெள்ளை வளையம்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாவியுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். கிருமியும் சாகும். இரத்தம் கசியும் முரசுக்குள் பீச்சுகிற தண்ணீர், ஆகவே இது வீண் சிரமம் அல்ல. மாதம் ஒரு தடவை அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து, பாதியை ஓடவிட்டு, நிறுத்தி 20 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தையும் ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு தாங்கி வெறும் தண்ணீர். உப்பைத் தாங்கிக்குள் போடாதீர்கள், பம்ப் பழுதாகும். உப்புத் தண்ணீரைத் தனியாக வாயில் கொப்பளிக்கலாம், ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி. குளோர்ஹெக்ஸிடின் உள்ள வாய் கழுவும் மருந்தை டொக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள், நெடுநாள் பாவித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும்.

வெற்றிலை போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புகையிலையை அடக்கி வைக்கும் கன்னப் பக்கத்து முரசைப் பாருங்கள். அங்கேதான் அதிகம் தேயும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட விடயம், புகையிலை சேராவிட்டாலும்கூட. ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ தெரிந்தால் கருவி எதையும் தேடாமல் நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பல் ஆடினாலும், முரசிலிருந்து சீழ் வந்தாலும் அப்படியே.

இரண்டு மாதம் போன பிறகு ஒரு இரவு அம்மா பல்லிடைப் பிரஷோடு என்னிடம் வந்தார். "பிள்ளை, இது இப்ப லூசா போகுது. பல்லு விலகுதோ தெரியேல்லை" என்றார். பயந்துபோய் டொக்டரிடம் காட்டினோம். பல் விலகவில்லை, இடுக்கை அடைத்துக்கொண்டிருந்த வீக்கம் வற்றியிருந்தது. 0.5 இலிருந்து 0.6 க்கு மாற்றச் சொன்னார்.