கல்லக்காய்க் கொல்லையில் மயிலா, பன்றியா?

விடிந்ததும் கல்லக்காய் (நிலக்கடலை) விதைத்த கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "பன்னி வந்துட்டுப் போயிருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது மயிலின் வேலை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் இரண்டுமே உண்டு. யானையும் உண்டு, அது வந்துபோனதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் குழியைப் பாருங்கள். மயில் காலால் சீய்த்து அலகால் கொத்தும். பள்ளம் மேலாகத்தான் இருக்கும், மண் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். விதைத்த வரிசையைப் பிடித்து நடந்தே பருப்பைப் பொறுக்கிவிடும். பன்றி அப்படியில்லை. மூக்கை நுழைத்து ஏர் ஓட்டின மாதிரி நெம்பிக்கொண்டே போகும். மண் கட்டிகட்டியாகப் புரண்டு கிடக்கும். காய் பிடித்த சமயமென்றால் செடி வேரோடு மல்லாந்திருக்கும், மென்ற தோடு சுற்றிலும் கிடக்கும். பயிரே இல்லாத, எரு கொட்டிய நிலத்தைக் கிளறியிருந்தாலும் பன்றியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மண்புழுவையும் எருப்புழுவையும் தேடி வந்திருக்கும்.

அப்புறம் கால்தடம். மயிலுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. பன்றித் தடத்தை ஆட்டுத் தடமென்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு குளம்புக்கும் பின்னால், சற்று வெளியே தள்ளி, இரண்டு சின்னப் பதிவுகள் தெரிகிறதா பாருங்கள். ஈர மண்ணில் பளிச்சென்று தெரியும். மயில் எச்சத்தில் வெள்ளை கலந்திருக்கும், பன்றி விட்டையில் இருக்காது.

இதற்கும் சந்தேகம் தீரவில்லையா? பொழுது சாய்ந்ததும் ஒருமுறை சுற்றி வாருங்கள், மறுநாள் இருட்டு பிரியும்போதே போய்ப் பாருங்கள். இருட்டினால் மயில் உயரமான மரத்தில் அடைந்துவிடும். ராத்திரி நடந்த சேதத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

ஆள் தெரிந்தால்தான் காவல் சரியாக அமையும். மயிலென்றால் விதைத்ததிலிருந்து பயிர் நிலைக்கும்வரை காலையும் மாலையும் ஆள் நிற்க வேண்டும். சுற்றிக் கட்டிய பழைய சேலை பன்றியைக் கொஞ்ச நாள் தடுக்கும். மயில் பறந்து உள்ளே இறங்கிவிடும். விஷம் கலந்த விதை மட்டும் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஜெயில்தான். வேலியில் கரண்ட் விடுவதும் வேண்டாம். அதில் மாட்டுவது பக்கத்துக் கொல்லைக்காரராகவோ அவர் மாடாகவோ இருக்கலாம்.

பன்றி என்று உறுதியானால், நிலத்தைச் சமன் செய்வதற்கு முன்பே தடத்தின் பக்கத்தில் ஒரு அரிவாளை வைத்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். வனத்துறையில் நஷ்டஈடு கேட்கும்போது அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.