டிரைவர் சீட்டை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

மதுரையில் இருந்து விடிகாலையில் கிளம்பி ராமேஸ்வரம் வரும் வண்டிகளில் பாதி வழியில் டிரைவர் மாறுவது வழக்கம். பரமக்குடியில் டீ குடித்துவிட்டு மகன் இறங்கிக்கொள்ள, அப்பா ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஏறியதும் முதல் வேலையாக முதுகுச் சாய்வைப் பின்னால் தள்ளுவார், கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டுவார், வண்டி கிளம்பிவிடும். சீட் முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்று பார்ப்பதே இல்லை. உண்மையில் சாய்வு மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் கால், அடுத்து உயரம், பிறகுதான் சாய்வு. அதன் பின் ஸ்டியரிங், ஹெட்ரெஸ்ட், பெல்ட், கடைசியில் கண்ணாடிகள். முன்னதை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை.

எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே, ஹேண்ட்பிரேக் போட்டுச் செய்ய வேண்டும். ஓடும் வண்டியில் சீட் லிவரைத் தூக்கினால், பிரேக் மிதிக்கும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கிப் போகும். கால் பெடலை எட்டாது.

கால்

எந்தச் செருப்போடு ஓட்டப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். அடிப்பாகத்தின் தடிமன் மாறினால் தூரமும் மாறும். ஹவாய் செருப்பு பெடலுக்கு அடியில் மடங்கும் என்பதால் ஓட்டுவதற்கு ஆகாது. கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் அதைக் காலடியில் விடாமல் பின்சீட்டுப் பக்கம் போட்டுவிடுங்கள். பிரேக்குக்குக் கீழே உருண்டு போகும் தண்ணீர் பாட்டிலும் இதே ரகம்.

இடுப்பை சீட்டும் முதுகும் சேரும் மூலை வரை தள்ளி உட்காருங்கள். இடது காலால் கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கியருக்கும் இடுப்பை நகர்த்தி மிதிக்க வேண்டியிருக்கும். உச்சிப்புளி தாண்டுவதற்குள் கீழ்முதுகு வலிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மோதல் நேர்ந்தால் விறைத்த காலின் வழியே அடி நேராக இடுப்பெலும்புக்குப் போகும். ரொம்ப முன்னால் இருந்தால் முழங்கால் டேஷ்போர்டின் அடியில் இடிக்கும்.

கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓட வேண்டும், கியர் பார்க்கிங்கில் இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்து இரண்டு மூன்று தடவை மிதித்தாலே பெடல் கல்லாகிவிடும், அளவு தப்பாகத் தெரியும்.

தூரம் சரியானதும் லிவரை விட்டுவிட்டு, உடம்பாலேயே சீட்டை முன்னும் பின்னும் ஒரு உந்து உந்துங்கள். ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். இந்த உந்தைத் தவிர்க்கவே கூடாது. ஏன் என்று, சீட் நகரும் தண்டவாளமான ரெயிலைப் பற்றிய பகுதியில் சொல்கிறோம்.

சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்காலின் உள்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விளிம்பு அழுத்தினால் கால் மரத்துப்போகும்.

உயரமும் வெயிலும்

தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, முடிந்தவரை உயர்த்திக்கொள்ளுங்கள். சாலையை ஸ்டியரிங் வளையத்துக்கு மேலே பார்க்க வேண்டும், அதன் ஓட்டை வழியே அல்ல. மீட்டர் முழுதும் தெரிய வேண்டும். தாழ்ந்து உட்கார்ந்தால் பானட்டுக்கு முன்னால் மறையும் தரை கூடும். சாயல்குடிப் பக்கம் கருவேலம் புதருக்குள் இருந்து குறுக்கே பாயும் ஆட்டுக்குட்டி அந்த மறைவுக்குள்தான் வரும்.

ராமேஸ்வரம் சாலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. ராமநாதபுரத்தில் இருந்து காலையில் கிழக்கே போனாலும், மாலையில் மேற்கே திரும்பினாலும் சூரியன் முகத்துக்கு நேரே. வெயில் மறைப்பானை இறக்கியதும் அதன் கீழ்விளிம்பு கண்ணுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தாழ்ந்து உட்கார்ந்தவருக்கு வெயில் அதற்குக் கீழே புகுந்துவிடும். ரொம்ப உயர்த்தியவருக்குச் சாலையையே மறைக்கும்.

உயரம் மாற்றும் வசதி பல வண்டிகளில் விலை கூடிய மாடலுக்கு மட்டுமே. இல்லாதவர்கள் தலையணையை மடித்துப் போடாதீர்கள், அது அமுங்கும், நழுவும். சீட் முழுவதையும் மூடும், அடியில் வழுக்காத, கெட்டியான குஷன் வாங்குங்கள். உயரம் மாறியதும் கிளட்சை மறுபடி ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்.

சாய்வு, ஸ்டியரிங்

சாய்ந்து கிடந்தால்தான் சுகம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அரை மணி நேரத்துக்கு அது உண்மையும்கூட. அதன் பிறகு தலையைத் தூக்கிப் பிடித்தே கழுத்து களைத்துவிடும். முதுகுச் சாய்வு 100 முதல் 110 டிகிரி போதும். செங்கோணத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

டிகிரி அளக்கக் கருவி வேண்டாம். இரு தோள்பட்டையும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு வளையத்தின் மேல் விழுந்தால் சரி. விரல் நுனி மட்டும் எட்டினால் முதுகை நிமிர்த்துங்கள், அல்லது முன்னும் பின்னும் நகரும் ஸ்டியரிங் என்றால் அதை அருகே இழுங்கள். சீட்டை முன்னே தள்ளிச் சமாளிக்காதீர்கள், காலின் அளவு கெட்டுவிடும்.

பிறகு கைகளை 9 மணி, 3 மணி இடத்தில் வைத்தால் முழங்கை மடங்கியிருக்கும். அந்த மடிப்பின் அருமை பாம்பன் பாலத்தில் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல்; ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும். எதிரே வரும் பஸ் ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு விலகும்போது வண்டி சட்டென்று ஒதுங்கும். மடங்கிய முழங்கையால் வளையத்தை அரை அங்குலம் திருத்திவிடலாம். நீட்டிய கையோடு ஓட்டுபவர் தோளையே சீட்டில் இருந்து எடுத்துத் திருப்புவார். அது எப்போதும் கூடுதலாகவே திரும்பும்.

நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. வேண்டும், ஒரு சாணும் இரண்டு விரலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். விரியும் இடத்துக்குள் நெஞ்சு இருந்தால் காக்க வந்ததே காயப்படுத்தும். ஸ்டியரிங்கின் நடு உங்கள் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி தாழ்த்தி, அடியில் உள்ள பூட்டு லிவரை இறுக்கிவிட்டு ஒரு முறை ஆட்டிப் பாருங்கள்.

ஹெட்ரெஸ்ட், பெல்ட்

ஹெட்ரெஸ்ட் தலை சாய்க்க வைத்தது அல்ல, துண்டு தொங்கவிடவும் அல்ல. பின்னால் இருந்து ஒரு வண்டி இடிக்கும்போது தலை பின்னே மடங்காமல் தடுப்பது அதன் வேலை. அதன் உச்சி உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். குறைந்தபட்சம் காதின் மேல்நுனிக்குக் கீழே போகக் கூடாது. பின்தலைக்கும் அதற்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சீட்டோடு ஒட்டிவரும் ஹெட்ரெஸ்ட் என்றால் முதுகை நிமிர்த்துவதுதான் அந்த இடைவெளியைக் குறைக்கும் ஒரே வழி.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் படாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வேட்டி கட்டியவர்கள் மடிப்பு முடிச்சுக்குக் கீழே பட்டையை இழுத்துவிட்டு, தளர்வை மேலே உருவி எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுக்கு அடியில். மேல்பட்டை தோளெலும்பின் நடுவே வர வேண்டும். கழுத்தை அறுத்தால் தூணில் உள்ள உயரப் பூட்டைத் தாழ்த்துங்கள். ‘பீப்’ சத்தத்தை நிறுத்த வெறும் கொளுவியை மட்டும் வாங்கிச் செருகுவது பற்றி எழுதவே சங்கடமாக இருக்கிறது.

சாய்ந்து கிடப்பவருக்கு பெல்ட் இருந்தும் பயன் குறைவு. மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கி, இடுப்பில் இருந்த பட்டை வயிற்றில் ஏறிவிடும். சீட்டின் மேல் பாலித்தீன் விரித்து உட்கார்ந்தால் இந்த வழுக்கல் இன்னும் கூடும்.

கண்ணாடிகளில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. உள்கண்ணாடியில் பின்ஜன்னல் முழுதும், பக்கக் கண்ணாடியில் உங்கள் வண்டி ஒரு கீற்று மட்டும்.

ரெயிலும் உப்பும்

சீட் ஓடும் இரண்டு தண்டவாளங்களில்தான் இந்தக் கடற்கரை தன் வேலையைக் காட்டும். அரிச்சல்முனையில் மணலில் நடந்துவிட்டு ஏறுபவரின் செருப்பில் இருந்து மணல் நேரே ரெயிலுக்குள் விழுகிறது. அக்னி தீர்த்தத்தில் முங்கிய ஈர வேட்டியோடு உட்கார்ந்தால் கடல்நீர் பஞ்சுக்குள் இறங்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பஞ்சு முழுதாகக் காயாது. கீழே இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். உடை மாற்றிவிட்டு ஏறுங்கள். நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை ஒற்றியெடுத்து, கதவைத் திறந்து காயவிடுங்கள்.

மணலும் துருவும் சேர்ந்தால் ஒரு பக்கப் பூட்டு விழும், மறுபக்கம் பல்லில் உட்காராது. உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, பிரேக் அடிக்கும்போது சீட் கோணலாக ஒரு துள்ளு துள்ளும். முன்பு சொன்ன உந்து அதற்காகத்தான்.

மாதம் ஒரு தடவை சீட்டை முழுக்க முன்னே தள்ளி ரெயிலின் பின்பாதியை, பின்னே தள்ளி முன்பாதியை, உலர்ந்த பல்துலக்கி பிரஷ்ஷால் கிளறி, வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். துடைத்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, சீட்டை நாலைந்து தடவை ஓட்டி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது இங்கே பரவலான தவறு. அது மணலைப் பிடித்து அரைக்கும் பசையாக்கிவிடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. சுத்தம் செய்த பிறகும் சீட் ஆடினால் போல்ட்டையும் பூட்டையும் மெக்கானிக் பார்க்கட்டும். அட்டையோ கட்டையோ செருகி நிறுத்தி வைப்பது தீர்வு ஆகாது.

ஆள் மாறும் வண்டிக்கு

ஆக்டிங் டிரைவர், மகன், மருமகள் என்று கை மாறும் வண்டியில், அவரவர் அளவை எண்ணி வைத்துக்கொள்ளலாம். சீட்டைக் கடைசி வரை பின்னே தள்ளி, அங்கிருந்து முன்னே வரும்போது எத்தனை ‘டக்’ என்று எண்ணுங்கள். அப்பாவுக்கு 4, மருமகளுக்கு 9 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வெயில் மறைப்பானின் பின்புறம் ஒட்டிவிட்டால் பரமக்குடியில் ஆள் மாற ஒரு நிமிடம் போதும். முதுகுச் சாய்வையும் லிவர் உள்ள வண்டியில் இதே மாதிரி எண்ணலாம். சுழற்றும் குமிழ் என்றால் மணிக்கட்டை வைத்துப் பார்ப்பதுதான். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிட்டு எண்ணுங்கள்.