முன் சக்கரம் எழும்பிய டிராக்டருக்கு எத்தனை வெயிட்?

மன்னார்குடிப் பக்கம் குறுவை உழவு நேரம். பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரை (சுழல் கலப்பை) தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரை ஏறினால் டிராக்டரின் முன் சக்கரம் எழும்பும், ஸ்டியரிங் பிடிபடாது. டயர் காற்று, ஸ்டியரிங் இணைப்பு என்று பார்த்ததில் இரண்டு நாள் போனது. அப்புறம் முன்னால் 10 எடைத் தகடு, மொத்தம் 200 கிலோ மாட்டினேன். கரை ஏறியது, சேற்றில் இறங்கியதும் முன் சக்கரம் புதைந்துவிட்டது. நம் களிமண்ணுக்கு அவ்வளவு பாரம் ஆகாது.

தகடுகளைக் கழற்றிவிட்டு லாரி எடை மேடைக்குப் போனேன். வண்டி மட்டும் 2,100 கிலோ. ரோட்டவேட்டரைத் தூக்கி, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் 330. கருவியைத் தூக்கிய நிலையிலும் வண்டி எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். அதாவது 420, 90 கிலோ குறைவு. ரோட்டவேட்டரில் ஒட்டிய சேற்றை நான் கழுவவில்லை. வயலில் அந்தச் சேற்றோடுதானே தூக்குகிறோம்!

இன்னொன்று, தகடு தொங்குவது முன் அச்சுக்கும் முன்னால். அதனால் நெம்புகோல் போலப் பின் அச்சின் பாரத்தையும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரும். என் வண்டியில் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர், தகடு 60 செ.மீ. முன்னால், 100 கிலோ மாட்டினால் முன் அச்சில் 130 கிலோ கூடும். ஆக, 20 கிலோ தகடு நான்கே போதும். மாட்டி மறுபடி எடை போட்டேன்: 435. கரையும் ஏறுகிறது, சேற்றிலும் புதைவதில்லை. இப்போதுதான் நிம்மதி.