காவலர் கைகாட்டினால் நிறுத்துங்கள்: தப்பி ஓடுவதற்கான தண்டனைகள்

சீருடைக் காவலர் கைகாட்டியதும் இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வரும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்து, வேகத்தைக் குறைத்துச் சாலையின் இடது ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவணங்கள் கையில் இல்லையே என்ற பயத்தில்தான் பலர் ஓடுகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமமும் ஆர்சியும் (வாகனப் பதிவுச் சான்று) செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139, ஆவணங்களைப் பின்னர் காட்ட 15 நாள் அவகாசமும் தருகிறது.

நிறுத்தாமல் போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இது தொடக்கம் மட்டுமே. தப்பிக்கும் பதற்றத்தில் ஆபத்தாக ஓட்டினால், 184ஆம் பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பேரிகார்டை விலக்கிக்கொண்டு காவலர்மீதே வண்டியை ஏற்ற முனைந்தால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவு 2 ஆண்டு வரை சிறைக்கு வழிசெய்கிறது. கொல்லும் நோக்கம் நிரூபணமானால் 109ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரையும், காயமும் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரையும் தண்டனை உயரக்கூடும்.

விதிக்கப்பட்ட அபராதம் தவறென்று தோன்றினால், செலானைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் மறுத்து வாதிடுங்கள்.