நாடி தாறுமாறா ஓடுற பெரியவங்களுக்கு ஸ்ட்ரோக் வராம பாத்துக்கிறது எப்படி?

வீட்டுல 65 தாண்டின பாட்டாவோ பாட்டியோ இருந்தா மொதல்ல அவங்க நாடியப் புடிச்சுப் பாருங்க மக்கா. அஞ்சு நிமிசம் சும்மா உக்கார வச்சு, மணிக்கட்டுல பெருவிரல் பக்கமா மூணு விரல் வச்சு முழுசா ஒரு நிமிசம் எண்ணணும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குற சோலியே வேண்டாம், ஏன்னா இதுல எண்ணிக்கைய விட தாளம்தான் முக்கியம். ஒரு துடிப்பு சீக்கிரம், அடுத்தது லேட்டு, நடுவுல ஒண்ணக் காணோம்னு ஒழுங்கே இல்லாம ஓடுச்சுன்னா ஈசிஜி எடுத்துருங்க. வந்து வந்து போனாலும் ஆபத்துதான். வலிக்கலியே, வாயுவா இருக்கும்னு சுக்குக் காப்பி குடிச்சுட்டு படுக்குற ஆளுங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி.

இப்படி தாறுமாறா ஓடுறதுக்கு முக்கியமான காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஈசிஜியிலதான் உறுதியாகும். இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்காம வெறுமனே நடுங்கும், அங்க ரத்தம் தேங்கி கட்டியாகி மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். மத்தவங்களவிட சுமார் 5 மடங்கு சான்ஸ். வயசு 75 தாண்டினது, பிபி, சுகர், முன்னாலயே ஸ்ட்ரோக் வந்ததுன்னு சேரச் சேர ரிஸ்க் ஏறும், டாக்டர் இதுக்கெல்லாம் மார்க் போட்டுத்தான் மருந்து முடிவு பண்ணுவாரு.

மருந்துன்னா ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை. ஆஸ்பிரின் இதுக்குப் பத்தாது. வார்ஃபரின்ங்கிற மாத்திரை போடுறவங்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பண்ணி பொதுவா 2-க்கும் 3-க்கும் நடுவுல வச்சுக்கணும், முருங்கக்கீரைய விடவேண்டாம், ஆனா ஒரு வாரம் சட்டி நெறய மறுவாரம் ஒண்ணுமில்லன்னு இல்லாம ஒரே அளவா சாப்பிடணும். அபிக்ஸபான் மாதிரி புது மாத்திரைக்கு ஐஎன்ஆர் வேண்டாம், ஆனா வேளை தவறவே கூடாது, கிட்னி டெஸ்டும் அப்பப்ப பாக்கணும். மூட்டுவலிக்குக் கடையில சும்மா வலி மாத்திரை வாங்கிப் போட்டா ரத்தக்கசிவு வரலாம். பல்லு புடுங்கணும்னாலும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க.

வாய் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா உடனே 108. வாதம்னு சொல்லி நாட்டு வைத்தியம் பாக்குற ஆசான்கிட்ட எண்ணெ தேய்க்க தூக்கிட்டுப் போற பழக்கம் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல இன்னும் இருக்கு, அதுல போற நேரம் திரும்ப வராது, கட்டியக் கரைக்கிற ஊசிக்கு, ஸ்ட்ரோக் ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி ஸ்கேன் இருக்கிற எடத்துக்குப் போங்க, வழியில தண்ணியோ ஆஸ்பிரினோ குடுக்காதீங்க. மாத்திரை அட்டைய கையோட எடுத்துட்டுப் போயி கடைசியா எப்ப போட்டாங்க, எத்தன மணி வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு சொல்லுங்க, அத வச்சுத்தான் அந்த ஊசி போடலாமா வேண்டாமான்னு பாப்பாங்க.