பெரியவரின் கணக்கில் யாருடையதோ பணம் வந்தால்

மோசடிக்காரர்களுக்கு முதியவரின் சேமிப்பு மட்டுமல்ல, அவருடைய வங்கிக் கணக்கும் வேண்டும். காதல், வீட்டிலிருந்தே வேலை, பரிசு என்று எதையாவது சொல்லி நம்பவைத்து, வேறொருவரிடம் அடித்த பணத்தை அந்தக் கணக்கு வழியாகக் கடத்துவார்கள். போலீஸ் தேடும்போது முதலில் கிடைப்பது பெரியவரின் பெயர்தான்.

வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்களை நேர வரிசையில் பாருங்கள். தெரியாத பெயரிலிருந்து 11:05-க்கு ஒரு பெரிய தொகை. 11:40-க்குள் அதுவே மூன்று நான்கு துண்டாக வெளியே. கொஞ்சம் மட்டும் ‘கமிஷன்’ என்று மிச்சம். இப்படி இருந்தால் அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

“எப்படி ஏமாந்தீங்க?” என்று ஆரம்பிக்காதீர்கள். வெட்கத்தில் அவர்களோடு பேசிய மெசேஜையெல்லாம் அழித்துவிடுவார், அவரைக் காப்பாற்றும் சாட்சியம் அதுதான். “அடுத்து எப்போ கூப்பிடுறேன்னு சொன்னாங்க?” என்று கேளுங்கள், பேச்சு வரும்.

அவருடைய போனில் இன்டர்நெட்டை அணையுங்கள். போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் மட்டும் கூடாது. நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஒவ்வொரு உரையாடலையும் வேறு போனால் படமெடுங்கள். திரையைப் பகிரும் ஆப் இருந்தால் அதையும் படமெடுத்த பிறகே நீக்குங்கள். பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

பிறகு கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணில் வங்கியை அழையுங்கள். தேடல் பக்கத்தில் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணும் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். மிச்சப் பணத்தைத் தொடாதீர்கள். “தவறி அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்க” என்று யாராவது கெஞ்சினாலும் நீங்களாக அனுப்பக் கூடாது: வங்கி அந்தப் பரிமாற்றத்தைத் திரும்ப எடுத்தால் அதே தொகையைப் பெரியவர் தன் கையிலிருந்தும் இழப்பார். புகாரை எழுத்தில் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்குங்கள்.

போலீஸுக்கு நீங்களே முந்திப் போவது நல்லது, முடிந்தால் வழக்கறிஞரோடு. தெரியாமல் செய்தது வேறு, வங்கி எச்சரித்த பிறகும் செய்தது வேறு. முதல் எச்சரிக்கை எந்த நாளில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லும்படி பெரியவரிடம் சொல்லுங்கள். மறைத்து, பின்னால் அகப்பட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

வாழ்நாள் முழுக்கக் கணக்கில் கறாராக இருந்தவர் திடீரென இப்படி மாறினால், அல்லது கடையில் காசு தராமல் பொருளை எடுத்துவந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் திறன் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியா நோயில் ஒரு வகை, நினைவாற்றலைவிட முதலில் நிதானத்தைத்தான் கெடுக்கும்.

சில வாரங்களில் “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று ஒரு அழைப்பு வரலாம். அதுவும் மோசடிதான், அதே கும்பலாகவும் இருக்கலாம்.